தரவுத்தளத்தில் இலட்சக்கணக்கான பரிசோதனைத் தரவுகளை விரைவாக உருவாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கென மென்பொருள் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர், படகு, நாளாந்த மீன் இறக்கம், அதற்கான கொடுப்பனவு ஆகியவற்றைப் பதிவதே அதன் வேலை. எழுதிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளத்தில் இருப்பவை கையால் தட்டச்சு செய்த சில பத்து நிரைகள் மட்டுமே என்பதால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். சங்கம் அதை ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திய பின்னர், மாத முடிவில் கணக்குப் பார்க்க உட்காரும் எழுதுவினைஞரின் திரையில் அதே பக்கம் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த நாளை இன்றே நம் கணினியில் வரவழைத்துப் பார்ப்பதற்குத்தான் பெருந்தொகைப் பரிசோதனைத் தரவு தேவைப்படுகிறது.

நிரைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது எளிது. சில வரிக் கட்டளையில் 50 இலட்சம் நிரைகளை உருவாக்கிவிடலாம். அந்த நிரைகள் உண்மைத் தரவின் சாயலில் பரவியிருக்க வேண்டும் என்பதே கடினமான பகுதி. ஒரு வினவலை (தரவைக் கேட்கும் கட்டளையை) எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதைத் தரவுத்தளம் தரவின் பரம்பலைப் பார்த்தே முடிவுசெய்கிறது. எல்லாப் படகுகளும் எல்லா நாளும் ஒரே அளவு மீன் கொண்டுவந்ததாகத் தரவை நிரப்பினால், உண்மையில் ஒருபோதும் நிகழாத ஒரு நிலைமையின் வேகத்தையே நாம் அளந்தவர்களாவோம். ஆகவே இவ்வழிகாட்டி வேகத்தைச் சொல்லும் அதே அளவுக்கு, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே, பரம்பலைப் பற்றியும் பேசுகிறது.

விளக்கம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 16ஆம் பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் கொண்டு அமைகிறது. ஏனையவற்றுக்கான வேறுபாடுகள் பின்னர் வருகின்றன. கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை அவற்றின் ஆங்கில வடிவிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

முதற்படி: அளவைக் கணக்கிடுதல்

எத்தனை நிரைகள் தேவை என்பதை ஊகித்து ஒரு முழு எண்ணைப் போடாமல், தொழிலிலிருந்து அந்த எண்ணை வருவித்துக்கொள்ள வேண்டும். 2,000 படகுகள், ஐந்து ஆண்டுகள் என்றால் படகுக்கும் நாளுக்குமான சேர்க்கைகள் ஏறத்தாழ 36.5 இலட்சம். ஆனால் எல்லாப் படகும் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு படகு கடலுக்குப் போகும் வாய்ப்பை அமைதிக் காலத்துக்கு 0.8 எனவும், கொந்தளிப்புக் காலத்துக்கு 0.25 எனவும், எஞ்சிய நான்கு மாதங்களுக்கு 0.5 எனவும் நாமாக வைத்துக்கொண்டால், சராசரி 0.56 அளவில் வரும். அதன்படி இறக்க அட்டவணையில் ஏறத்தாழ 20.5 இலட்சம் நிரைகள் இருக்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் ஒன்று முதல் நான்கு வரையான மீன் இனங்கள் இருந்தால், விவர அட்டவணைக்கு ஏறத்தாழ 51 இலட்சம் நிரைகள் தேவை.

வட்டில் இதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் தரவை 8 கிலோபைட் பக்கங்களில் வைக்கிறது. ஒவ்வொரு நிரைக்கும் தலைப்பகுதிக்கு 24 பைட்டும், பக்கத்தில் அதைச் சுட்டுவதற்கு 4 பைட்டும் மேலதிகமாகச் செலவாகும். நிரையில் 64 பைட் தரவு இருந்தால் மொத்தம் 92 பைட், அதாவது பக்கத்துக்கு 88 நிரைகள். 51 இலட்சம் நிரைகளுக்கு ஏறத்தாழ 475 மெகாபைட் வேண்டும். முதன்மைச் சாவிக்கான (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணுக்கான) இன்டெக்ஸ் என்னும் தேடல் அட்டவணை மட்டும் 100 மெகாபைட்டுக்கு மேல் போகும். இவற்றுடன், மாற்றங்களை முன்கூட்டி எழுதி வைக்கும் டபிள்யூஏஎல் பதிவேடும் வட்டில் இடம் கேட்கும். மொத்தக் கணக்கைப் போல மூன்று மடங்கு இடத்தை ஒதுக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: தொகுதியாக உருவாக்குதல்

ஒரு செய்நிரலில் சுழற்சி ஒன்றை எழுதி, ஒவ்வொரு நிரைக்கும் தனித்தனி இன்சர்ட் கட்டளையை அனுப்புவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அது மிக மெதுவானது. ஒவ்வொரு கட்டளையும் வலையமைப்பில் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகக் கொமிட் ஆகுமானால் (நிலைப்படுத்தப்படுமானால்), ஒவ்வொரு முறையும் தரவு வட்டில் உறுதியாக எழுதப்படும்வரை காத்திருக்கவும் வேண்டும். நிரைகளைத் தரவுத்தளத்தின் உள்ளேயே பிறக்கச் செய்தால் இந்த இரண்டு செலவுகளும் இல்லாமற்போகும்.

இதற்கான கருவி ஜெனரேட்_சீரிஸ் என்னும் சார்பு. ஒன்று முதல் 2,000 வரை என்று கொடுத்தால் 2,000 நிரைகளைத் தரும். தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, ஒரு நாள் இடைவெளி என்று கொடுத்தால் நாட்களின் வரிசையைத் தரும். இன்சர்ட் இன்டு, அதையடுத்துச் செலக்ட், அதன் ஃப்ரம் பகுதியில் ஜெனரேட்_சீரிஸ் என்ற ஒரே கட்டளையால் அட்டவணை முழுவதையும் நிரப்பிவிடலாம். படகு அட்டவணையையும் நாட்களின் வரிசையையும் குரொஸ் ஜொயின் செய்தால், அதாவது ஒவ்வொரு படகையும் ஒவ்வொரு நாளோடும் இணைத்தால், 36.5 இலட்சம் சேர்க்கைகளும் ஒரே மூச்சில் கிடைக்கும்.

தரவு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எண்ணிக்கை மட்டும் போதும் என்ற அவசரத்துக்கு வேறொரு வழி உண்டு. ஏற்கெனவே உள்ள 1,000 நிரைகளை அதே அட்டவணையிலிருந்து எடுத்து அதே அட்டவணைக்குள் மீண்டும் இட்டால் 2,000 ஆகும். இதைப் பத்து முறை செய்தால் 10,24,000 ஆகும். எந்தத் தரவுத்தளத்திலும் இது வேலை செய்யும். ஆனால் ஒரே 1,000 மதிப்புகளே திரும்பத் திரும்ப வருவதால், வட்டு இடத்தையோ பிரதியெடுக்கும் நேரத்தையோ அளப்பதற்குத் தவிர வேறெதற்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: தற்போக்கு மதிப்புகளும் அவற்றின் பொறிகளும்

ரன்டம் சார்பு 0 முதல் 1 வரை, 1ஐத் தொடாத ஒரு பின்ன எண்ணைத் தரும். அதை முழு எண்ணாக்கும்போது பத்தால் பெருக்கி நேரே முழு எண் வகைக்கு மாற்றினால், போஸ்ட்கிரெஸ் அதை அண்மித்த முழு எண்ணுக்கு மட்டந்தட்டும். அதனால் 0 முதல் 10 வரை பதினொரு மதிப்புகள் வரும். அவற்றிலும் 0, 10 ஆகிய இரண்டு முனைகளும் மற்றவற்றைப் போலப் பாதி தடவைகளே வரும். ஃப்ளோர் சார்பால் கீழ்நோக்கி வெட்டி, பின்னர் ஒன்றைக் கூட்டுவதே சரியான முறை. 17ஆம் பதிப்பில் ரன்டம் சார்புக்கே கீழெல்லையையும் மேலெல்லையையும் கொடுக்க முடியும் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே எழாது.

அடுத்த பொறி இன்னும் ஆழமானது. பெயர்கள் அட்டவணையை ரன்டம் வரிசையில் அடுக்கி முதலாவதை மட்டும் எடுக்கும் ஓர் உள்வினவலை எழுதினால், ஒவ்வொரு நிரைக்கும் ஒரு புதுப்பெயர் வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அந்த உள்வினவலில் வெளி நிரையைச் சுட்டும் எதுவும் இல்லாததால், போஸ்ட்கிரெஸ் அதை ஒரேயொரு தடவை நிறைவேற்றி, கிடைத்த விடையையே எல்லா நிரைகளுக்கும் பயன்படுத்தும். விளைவாக 2,000 உறுப்பினர்களும் ஒரே பெயரோடு வந்து நிற்பார்கள். பெயர்களை ஓர் அணியாக (இட எண்ணால் எடுக்கக்கூடிய பட்டியலாக) திரட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிரையிலும் ரன்டம் மூலம் கணித்த இட எண்ணால் அதிலிருந்து எடுப்பதே இதற்குத் தீர்வு. இந்த முறை வேகமானதும்கூட. அணியின் இட எண் 1இல் தொடங்குகிறது. ஒன்றைக் கூட்ட மறந்தால் பூச்சிய இடம் கேட்கப்பட்டு, பிழைச்செய்தி எதுவுமின்றி வெற்று மதிப்பு வந்துவிடும்.

இதே குணம் விவர நிரைகளை உருவாக்கும்போதும் வெளிப்படும். இறக்கத்துக்கு ஒன்று முதல் நான்கு வரை என்று ஜெனரேட்_சீரிஸின் உள்ளே நேரடியாக ரன்டத்தை எழுதினால், அந்த எண் ஒருமுறை மட்டுமே முடிவாகி எல்லா இறக்கங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இனங்கள் வரும். இனங்களின் எண்ணிக்கையை உள்வினவலில் ஒரு நிரலாக (நெடுவரிசையாக) முதலில் கணித்து வைத்துவிட்டு, முன்னுள்ள நிரையைச் சுட்ட அனுமதிக்கும் லேட்டரல் என்ற சொல் மூலம் அந்த நிரலைச் சுட்ட வேண்டும்.

நான்காம் படி: கடலின் போக்கைத் தரவில் கொண்டுவருதல்

பருவத்தைச் சேர்க்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். படகையும் நாளையும் குரொஸ் ஜொயின் செய்துவிட்டு, ரன்டம் அந்த மாதத்துக்குரிய வாய்ப்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று கட்டளையின் வேர் என்னும் நிபந்தனைப் பகுதியில் எழுதினால், அந்த நிபந்தனை நாளை மட்டுமே சுட்டுகிறது. எனவே போஸ்ட்கிரெஸ் அதை இணைப்புக்கு முன்பே நாட்களின் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிடும். ஒரு நாள் தேர்வானால் 2,000 படகுகளும் கடலுக்குப் போகும். தேர்வாகாவிட்டால் ஒன்றும் போகாது. மொத்த எண்ணிக்கை எதிர்பார்த்தபடியே இருப்பதால், நாள்வாரியாக எண்ணிப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. இதைத் தவிர்க்க, இணைப்பைச் செய்யும் உள்வினவலில் ரன்டத்தை ஒரு நிரலாக எடுத்துக்கொண்டு, வெளிவினவலில் அந்த நிரலை வாய்ப்போடு ஒப்பிட வேண்டும்.

புயல் நாளில் ஒரு படகும் போகாது என்பதும் உண்மையே. அதை இணைப்பின் பக்கவிளைவாகப் பெறாமல், நாட்களுக்கென ஒரு சிறு அட்டவணை வைத்து, அதில் கடல் நிலை என்ற நிரலை நாமே நிரப்பிப் பெறலாம். ஒவ்வொரு நவம்பரிலும் தொடர்ச்சியாகச் சில நாட்களுக்கு வாய்ப்பைப் பூச்சியமாக்கினால், இறக்கமே இல்லாத நாட்களில் அறிக்கைப் பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் பரிசோதிக்கப்படும். வெற்று நாளில் சராசரி கணிக்கப்போய்ப் பூச்சியத்தால் வகுக்கும் தவறுகள் இங்கேதான் அகப்படும்.

படகுகளுக்கிடையிலும் சமமின்மை வேண்டும். கரையோரத்தில் ஒருநாள் தொழில் செய்யும் சிறு வள்ளமும் பலநாள் படகும் ஒரே அளவு பதிவை ஏற்படுத்துவதில்லை. ஏதேனும் ஒரு நிரையைப் படகுக்கு ஒதுக்கும்போது ரன்டத்தின் மூன்றாம் அடுக்கை எடுத்து 2,000 ஆல் பெருக்கினால், எண் வரிசையில் முதல் 10 வீதமான படகுகளுக்கு ஏறத்தாழ 46 வீதமான நிரைகள் போய்ச் சேரும். இரண்டாம் அடுக்கை எடுத்தால் அது 32 வீதமாகக் குறையும். கொடுப்பனவு, முற்பணம், பழுதுபார்ப்புச் செலவு போன்றவற்றுக்கு இந்த எளிய உத்தி நன்கு பொருந்துகிறது.

மீனின் நிறைக்குச் சமபரம்பல் ஒருபோதும் பொருந்தாது. பெரும்பாலான இறக்கங்கள் சிறியவை. எப்போதாவது ஒன்று மிகப் பெரியது. 16ஆம் பதிப்பில் வந்த ரன்டம்_நோர்மல் சார்புக்குச் சராசரி 3, நியம விலகல் 0.6 என்று கொடுத்து, விடையை எக்ஸ்ப் என்னும் அடுக்குக்குறிச் சார்பில் இட்டால், இடையம் ஏறத்தாழ 20 கிலோவாகவும் வலப்பக்கம் நீண்ட வாலுடனும் ஒரு பரம்பல் கிடைக்கும்.

இனத்தைத் தேர்வதற்கு எடையிட்ட பட்டியல் வேண்டும். சூடை, கீரி, நெத்தலி, சூரை, பாரை, அறக்குளா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரையான நேர்கோட்டில் ஒரு துண்டை ஒதுக்கி, அதன் தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு நிரல்களில் வைத்து, முன்கூட்டிக் கணித்த ரன்டம் மதிப்பு எந்தத் துண்டுக்குள் விழுகிறதோ அந்த இனத்தை இணைக்கலாம். ஒரே இறக்கத்தில் ஒரே இனம் இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் மோதல்கள் நிச்சயம் வரும். ஒன் கொன்ஃப்ளிக்ட் டூ நத்திங் என்று சேர்த்துவிட்டு, நிரைகள் சற்றுக் குறைவதை ஏற்றுக்கொள்வதே எளிது.

நிரைகள் அட்டவணையில் அடுக்கப்படும் ஒழுங்கும் பரம்பலின் ஒரு பகுதியே. நிஜத்தில் இறக்கங்கள் நாள் வரிசைப்படியே பதிவாகும். எனவே ஒரு மாதத்துக்குரிய நிரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். திகதியைத் தற்போக்காக இட்டால் ஒரே மாதத்தின் நிரைகள் அட்டவணை முழுவதும் சிதறிப்போய், மாத அறிக்கை தேவையற்ற மெதுவாகத் தோன்றும். பக்கத் தொகுதி ஒவ்வொன்றின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் பிரின் வகை இன்டெக்ஸ் பயனற்றுப் போகும். செலக்ட்டின் முடிவில் ஓர்டர் பை திகதி என்று சேர்த்தாலே போதும்.

ஐந்தாம் படி: பெயர்களும் தமிழ் எழுத்தும்

திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். பரிசோதனைப் பெயர்களும் அப்படியே கலந்திருக்க வேண்டும். 200 தன்பெயர்களையும் 200 தகப்பன் பெயர்களையும் குரொஸ் ஜொயின் செய்தால் 40,000 சேர்க்கைகள் கிடைக்கும். சிலருக்கு முதலெழுத்து மட்டும், சிலருக்குத் தகப்பன் பெயர் முழுமையாக, சிலருக்கு நான்கு முதலெழுத்துகள் என்று வேறுபடுத்துவது தேடல் வசதியை நன்கு சோதிக்கும்.

திருகோணமலை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்துகள். யூனிகோடில் அது 10 குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 30 பைட். போஸ்ட்கிரெஸில் நிரலின் நீளம் குறியீடுகளால் அளக்கப்படுகிறது என்பதால் 10 இடம் போதும். ஒரக்கிள் தரவுத்தளத்தில் நீளம் இயல்பாகப் பைட்டால் அளக்கப்படுவதால், 20 என்று வரையறுத்த நிரல் இந்தப் பெயரை ஏற்காது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டாவது வடிவம் 33 பைட், முதல் வடிவத்தோடு அது சமமாகவும் கொள்ளப்படாது. பரிசோதனைத் தரவில் 100 நிரைகளுக்கு ஒன்றிலாவது இந்தப் பிரிந்த வடிவத்தை வேண்டுமென்றே இட்டு, தேடும்போது அது அகப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அகப்படாவிட்டால், 13ஆம் பதிப்பிலிருந்து உள்ள நோர்மலைஸ் சார்பால் உள்ளீட்டை ஒரே வடிவமாக்கலாம். பழைய சங்கக் கணக்குகள் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால், அப்படிப்பட்ட சில நிரைகளும் சேரட்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் எச்சரிக்கை தேவை. 12 இலக்கப் புதிய வடிவத்தில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். தற்போக்காக உருவாக்கிய இலக்கம் உயிரோடிருக்கும் ஒருவருடையதாகவே அமைந்துவிடக்கூடும். நாள் பகுதியில் 367 முதல் 500 வரையான ஓர் எண்ணை இட்டால், அது எவருடையதாகவும் இருக்க முடியாது. மென்பொருள் அதைச் செல்லாது என நிராகரித்தால், பரிசோதனைச் சூழலுக்கு மட்டும் அந்தச் சரிபார்ப்பைத் தளர்த்திக்கொள்ளலாம். கைபேசி இலக்கங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பரிசோதனைச் சேர்வரிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் இணைப்பைத் துண்டிக்காமல் தரவை நிரப்பவே கூடாது.

சங்கத்தின் உண்மைத் தரவையே பிரதியெடுத்தால் இத்தனை பாடும் வேண்டாமே என்று தோன்றலாம். உறுப்பினர்கள் தங்கள் விவரங்களைத் தந்தது சங்கத்துக்கு. நம் மடிக்கணினிக்கு அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. உண்மைத் தரவிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை விகிதங்களும் எண்ணிக்கைகளும் மட்டுமே.

ஆறாம் படி: வேகத்தைக் கூட்டுதல்

இன்டெக்ஸ்களையும் வெளிச்சாவிகளையும் (ஓர் அட்டவணையின் நிரையை இன்னோர் அட்டவணையின் நிரையோடு பிணைக்கும் கட்டுப்பாடுகளையும்) தரவை நிரப்பிய பின்னரே உருவாக்க வேண்டும். 51 இலட்சம் தடவை இன்டெக்ஸைத் திருத்துவதைவிட, முடிவில் ஒரே தடவையாக அடுக்கிக் கட்டுவது வெகு விரைவானது. அந்த வேளையில் மெயின்டனன்ஸ்_வேர்க்_மெம் என்னும் நினைவக அளவைக் கூட்டி வைத்தால் இன்னும் விரைவாகும். டபிள்யூஏஎல் பதிவேட்டின் அளவு எல்லையான மெக்ஸ்_வால்_சைஸ் இயல்பாக 1 ஜிகாபைட். பெருந்தொகை எழுதும்போது அதைக் கூட்டாவிட்டால் நினைவகத்திலுள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் செக்பொயின்ட் அடிக்கடி நிகழ்ந்து வட்டை வாட்டும்.

பெரிய அட்டவணையை அன்லொக்ட் (பதிவேட்டில் எழுதப்படாத) வகையாக உருவாக்கினால் டபிள்யூஏஎல் எழுதுவது மிச்சமாகும். சேர்வர் இடையில் விழுந்தால் அந்த அட்டவணை வெறுமையாகிவிடும். பரிசோதனைத் தரவுக்கு அது பெரிய இழப்பல்ல. ஆனால் எழுதும் வேகத்தை அளக்க விரும்புபவர் அதற்கு முன்னர் அட்டவணையை லொக்ட் (பதிவேட்டில் எழுதப்படும்) வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிடில் கிடைக்கும் வேகம் பொய்யானது. தரவு வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை நிறுத்துமாறு கூறும் ஆலோசனைகளைப் பின்பற்ற வேண்டாம். மின்சாரம் தடைப்பட்டால் அந்தச் சேர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களும் சிதையக்கூடும்.

தரவை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றால், கோப்பிலிருந்து தொகுதியாக ஏற்றும் கொப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். இன்சர்ட் எதுவும் அதன் வேகத்தை எட்டாது.

ஏனைய தரவுத்தளங்கள்

மைஎஸ்கியூஎல் 8.0இல் ஜெனரேட்_சீரிஸ் இல்லை; தன்னையே அழைக்கும் வித் ரிகர்சிவ் வினவலால் எண்களை உருவாக்கலாம். அதன் ஆழ எல்லை இயல்பாக 1,000 என்பதால் முதலில் அதை உயர்த்த வேண்டும். எஸ்கியூஎல்லைட்டிலும் வித் ரிகர்சிவ் வேலை செய்யும். எஸ்கியூஎல் சேர்வரில் 2022ஆம் பதிப்பிலிருந்து ஜெனரேட்_சீரிஸ் உண்டு. ஒரக்கிளில் கனெக்ட் பை லெவல் வழக்கமான வழி. இவை எதுவும் இல்லாத பழைய பதிப்பென்றால், 0 முதல் 9 வரையான பத்து நிரைகள் கொண்ட அட்டவணையை அதனுடனேயே ஆறு மடங்காகக் குரொஸ் ஜொயின் செய்தால் 10 இலட்சம் நிரைகள் கிடைக்கும்.

ஏழாம் படி: சரிபார்த்தலும் பாதுகாத்தலும்

நிரப்பி முடிந்ததும் அனலைஸ் கட்டளையை இயக்க வேண்டும். அது புள்ளிவிவரங்களைத் திரட்டாதவரை, வினவலின் வழியைத் தரவுத்தளம் தவறான மதிப்பீட்டிலேயே தெரிவுசெய்யும். பின்னர் மாதவாரியாகவும், படகுவாரியாகவும், இனவாரியாகவும் எண்ணிப் பாருங்கள். ஜூலைக்கும் டிசெம்பருக்கும் இடையில் வேறுபாடு தெரிகிறதா, ஒரே நாளில் போன படகுகளின் தொகை நாளுக்கு நாள் மாறுகிறதா, பெயர்கள் வேறுபடுகின்றனவா என்பதை இந்த மூன்று வினவல்களும் காட்டிவிடும். பிஜி_ஸ்டாட்ஸ் காட்சியில் திகதி நிரலின் கொரிலேஷன் (மதிப்புகளின் வரிசை வட்டில் உள்ள வரிசையோடு ஒத்திருக்கும் அளவு) 1ஐ நெருங்கியிருந்தால் நிரைகளின் ஒழுங்கும் சரி.

அடையாள எண்களை நாமே இட்டு நிரப்பியிருந்தால், அடுத்த எண்ணைத் தானாகத் தரும் சீக்குவன்ஸ் இன்னும் 1இலேயே நிற்கும். செட்வால் மூலம் அதை உயர்ந்த எண்ணுக்கு நகர்த்தாவிட்டால், மென்பொருளிலிருந்து பதியும் முதல் இறக்கமே இரட்டிப்புச் சாவிப் பிழையோடு நின்றுவிடும்.

மீண்டும் அதே தரவு வேண்டுமென்றால் அமர்வின் தொடக்கத்தில் செட்சீட் சார்புக்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுக்கலாம். ஆயினும் வினவலின் வழி மாறினால் நிரைகள் பிறக்கும் ஒழுங்கும் மாறி, மதிப்புகளும் மாறிவிடும். இதைவிட உறுதியான வழி, நிரப்பிய தரவுத்தளத்தையே அச்சாக வைத்துக்கொள்வது: கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையில் டெம்ப்ளேட் என்று அதன் பெயரைக் கொடுத்தால் முழுப் பிரதி உருவாகும். 15ஆம் பதிப்பிலிருந்து இயல்பான பிரதிமுறை டபிள்யூஏஎல் வழியே போவதால், பெரிய தரவுத்தளத்துக்கு ஸ்ட்ராட்டஜி என்பதை ஃபைல்_கொப்பி என்று குறிப்பிடுவது வேகமானது. பிரதியெடுக்கும்போது அச்சுத் தரவுத்தளத்தில் வேறெவரும் இணைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னர் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதொன்றை எடுத்துக்கொண்டால், நேற்றைய அளவீட்டையும் இன்றைய அளவீட்டையும் ஒரே தரவின் மீது வைத்து ஒப்பிட முடியும்.